ஸ்பின்-ஆஃப் எடுக்கிறீர்களா? முடிவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வாருங்கள்

ஒரு குறும்படக் குழு தன் அறிவியல் புனைகதைப் படத்துக்கு ஸ்பின்-ஆஃப் (அதே உலகில் கிளைக்கும் தனிக்கதை) எடுக்க நினைத்தால், பிரித்துப் பார்த்துப் படிக்க ஏற்ற படம் 'ரோக் ஒன்' (2016). அதன் கதை 1977-ல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தொடக்க எழுத்துகளில் ஒளிந்திருந்தது. உளவாளிகள் வில்லன்களின் பேராயுதமான டெத் ஸ்டாரின் வரைபடத்தைத் திருடிவிட்டார்கள் என்று அங்கே போகிறபோக்கில் ஒரு வரி வரும். விஷுவல் எஃபெக்ட்ஸ் கலைஞர் ஜான் நோல் அதைக் கதையாக்கினார், காரத் எட்வர்ட்ஸ் இயக்கினார். நீங்களும் உங்கள் மூலப்படத்தில் அப்படியொரு வரியைத் தேடுங்கள். வில்லனின் பால்யத்தைத் தோண்ட வேண்டாம், அதில் புதிதாக ஒன்றும் தேறாது.

வரி கிடைத்ததும் மூலப்படத்தை நோட்டும் கையுமாக மறுபடி பாருங்கள். அதில் இருப்பதை எழுதுவது சுலபம். இருந்திருக்க வேண்டியவர் ஏன் இல்லை என்பதையும் எழுதுங்கள், ஓட்டை விழுவது அங்கேதான். அந்த வரைபடத்தைத் திருடிய 'ரோக் ஒன்' நாயகர்கள் ஜின் எர்சோவையும் காசியன் ஆண்டோரையும் 1977 படத்தில் யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லையே? முதல் திரைக்கதையில் இருவரும் பிழைத்தார்கள், பிறகுதான் எல்லோரும் சாவதாக மாற்றினார்கள். சில்லறை விஷயத்தையும் விடவில்லை. ரெட் ஃபைவ் என்ற அழைப்புப் பெயர் கொண்ட விமானி 'ரோக் ஒன்'னில் சாகிறார். அந்தப் பெயர்தான் பிறகு 1977 படத்தின் நாயகன் லூக்குக்குப் போகிறது.

பாத்திரங்களுக்கு ஒரு கணக்கு: உச்சக்கட்டத்தில் ஆளுக்கு ஒரே ஒரு வேலை. ரோபோ கே-டூஎஸ்ஓ கதவைக் காக்கிறது, சிரட் சுவிட்சைப் போடுகிறார், போதி கப்பற்படையிடம் செய்தி சொல்கிறார், ஜின் வரைபடத்தை அனுப்புகிறார். வேலை முடிந்த பிறகுதான் சாவு. உங்கள் ஆட்களையும் அட்டையில் எழுதிப் பாருங்கள். ஒருவரின் அட்டையைக் கிழித்த பிறகும் கதை ஓடினால், அவர் தேவையில்லை.

இனி ரோபோ. பணமும் நேரமும் இதில்தான் கரையும். கே-டூஎஸ்ஓ 7 அடி 1 அங்குலம். அதை நடித்த ஆலன் டுடிக் மோஷன் கேப்சர் (அசைவைப் பதிவுசெய்யும்) உடையில் பொய்க்கால் கட்டி நடந்தார், அவர் மேல் கணினி உருவம் பின்னால் ஏறியது. சிறு குழுவுக்குப் பொய்க்கால் சமதளத்தில் மட்டும் சரிப்படும், மணலில் புதையும். அதற்குப் பதில் ரோபோவாக நடிப்பவரின் முதுகுப்பையில் பிவிசி பைப்பைச் செருகி, தரையிலிருந்து 7 அடியில் தெர்மாகோல் தலையைக் குத்துங்கள். மற்ற நடிகர்கள் அந்தத் தலையைப் பார்த்துப் பேச வேண்டும். ஆனால் குரல் கீழிருந்து வருவதால் கண் தானாகக் கீழே இறங்கும், குளோசப்பில் அது அப்பட்டமாகத் தெரியும். ஒத்திகையின்போது தலைக்குப் பின்னால் சின்ன ஸ்பீக்கர் கட்டி, பதிவுசெய்த வசனத்தை ஓட விடுங்கள். இரண்டு மூன்று தடவையில் கண் பழகிவிடும்.

டேக் ஓகே ஆனதும் ட்ரைபாடைத் தொடாமல், ஆளில்லாமல் 10 விநாடி ஓட விடுங்கள். பிறகு கணினியில் ரோபோ நடிகரை அழிக்கும் இடத்தில் ஒட்ட இந்தக் காலி ஷாட் வேண்டும். ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றும் மேனுவலில் இருக்கட்டும். ஏதாவது ஒன்று ஆட்டோவில் இருந்தால் ஒட்டிய இடம் திட்டாகத் தெரியும். மேட் சாம்பல் நிறம் அடித்த பந்தையும் அதே இடத்தில் பிடித்து ஒரு ஷாட் எடுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு என்று அனிமேட்டருக்கு அது சொல்லும்.

விண்கலத்தின் காக்பிட் (விமானி அறை) காட்சிகளுக்கு 'ரோக் ஒன்' ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃபிரேசர் குழு வெளியே எல்இடி திரைகளை நிறுத்தியது. விண்வெளியின் ஒளி முகத்தில் நிஜமாகவே விழுந்தது. உங்களுக்கு 43 அங்குல டிவி போதும். பிரைட்னஸை முழுக்க ஏற்றுங்கள். குறைத்தால் டிவியின் பேக்லைட் (திரைக்குப் பின்னாலுள்ள விளக்கு) துடித்து, காட்சியில் கோடு ஓடும்.

பழைய நடிகரைத் திரும்பக் கொண்டுவரும் ஆசை வரும். 1977 படத்தின் வில்லன் டார்கினுக்காக 'ரோக் ஒன்'னில் கை ஹென்றி என்ற நடிகர் நடித்து, அன்று அந்த வேடம் போட்டு 1994-ல் மறைந்த பீட்டர் குஷிங்கின் முகத்தைக் கணினியில் பொருத்தினார்கள். அவ்வளவு பெரிய குழு செய்தும் பலருக்கு அந்த முகம் உறுத்தியது. அதே டார்கின் முதலில் வரும் இடத்தைப் பாருங்கள்: முதுகு காட்டி நிற்பார், முகம் கண்ணாடியில் மங்கலாகத் தெரியும். அங்கேயே கட் சொல்லிவிடுங்கள்.