டேக் கொஸ்டினை ராகத்தில் தொடங்குங்கள்

நாகர்கோவிலில் சாயங்கால ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் நிறையப் பேர் வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்ஸ்கள். வாக்கியத்தின் முடிவில் வாலாக ஒட்டும் 'ஹேஸ் இட்?', 'டஸின்ட் ஷி?' போன்ற குட்டிக் கேள்விதான் டேக் கொஸ்டின். அந்தப் பாடத்தை போர்டில் விதி எழுதித் தொடங்கவே கூடாது. முதலில் ராகம், அதாவது குரலின் ஏற்ற இறக்கம்; பிறகுதான் இலக்கணம்.

அந்த ராகம் நம்மூர்ப் பேச்சிலேயே இருக்கிறது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் குலசேகரம் பஸ் கண்ணெதிரே நிற்கிறது. பக்கத்திலிருப்பவரிடம் "பஸ்சு இன்னும் போகலைல்லா" என்கிறோம். குரல் இறங்குகிறது, அவர் தலையாட்டினால் போதும். ரோட்டிலிருந்து மூச்சிரைக்க ஓடி வருகிறவரும் அதையேதான் கேட்கிறார்: "பஸ்சு இன்னும் போகலைல்லா?" குரல் ஏறுகிறது, அவருக்குப் பதில் வேண்டும். இரண்டையும் மாணவர்களை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகள் "அல்லே" போட்டுச் சொன்னாலும் சரிதான்.

உடனே, சூடு ஆறுமுன், "தி பஸ் ஹேஸின்ட் லெஃப்ட், ஹேஸ் இட்?" என்பதை அதே இரண்டு ராகத்தில் சொல்ல வையுங்கள். ஏற்றமும் இறக்கமும் 'ஹேஸ்' என்ற இடத்தில் தொடங்க வேண்டும். பலர் வாக்கியம் முழுவதையும் தூக்கிக்கொண்டு போவார்கள். 'லெஃப்ட்' வரை சாதாரணமாக இறக்கி, ஒரு நொடி நிறுத்தி, வாலை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். கையை மேலும் கீழும் அசைத்துக் காட்டினால் சீக்கிரம் பிடிபடும்.

இலக்கணத்துக்கு அதிக நேரம் வேண்டாம். வாக்கியத்தில் உள்ள ஹெல்ப்பிங் வெர்ப் திரும்ப வரும். முன்னால் 'நாட்' இல்லையென்றால் வாலில் வரும், இருந்தால் வராது. ஹெல்ப்பிங் வெர்ப் கண்ணில் படாவிட்டால் 'டூ, டஸ், டிட்'. "ஷி ஒர்க்ஸ் இன் தக்கலை, டஸின்ட் ஷி?" எல்லாவற்றுக்கும் 'இஸின்ட் இட்' போடும் பழக்கம் இங்கேதான் உடையும். 'ஐ ஆம்' வந்தால் 'ஆரின்ட் ஐ', 'லெட்ஸ்' வந்தால் 'ஷல் வி': இந்த இரண்டையும் மனப்பாடம் செய்யட்டும்.

நேரத்தைச் செலவிட வேண்டியது பதிலில். "ஊசி போடலைல்லா?" என்று கேட்டால் நாம் "ஆமா" என்போம், போடவில்லை என்ற பொருளில். "யூ ஹேவின்ட் கிவன் தி இன்ஜெக்ஷன், ஹேவ் யூ?" என்று டாக்டர் கேட்கும்போதும் அதே பழக்கத்தில் "யெஸ்" வந்துவிடும். ஊசி போட்டாயிற்று என்று அவர் நினைக்கக்கூடும். நோயாளிக்கு மருந்து கிடைக்காமல் போகலாம். அதனால் என் வகுப்பில் வெறும் 'யெஸ்', வெறும் 'நோ' இரண்டுக்கும் இடமில்லை. "நோ, ஐ ஹேவின்ட்" அல்லது "யெஸ், ஐ ஹேவ்" என்று வெர்போடு சேர்த்தே சொல்ல வேண்டும். கேள்வியை மாற்றி மாற்றிப் போட்டு, யோசிக்காமல் வாயில் வரும்வரை பழக்குங்கள்.

நர்ஸ்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். ஆபரேஷனுக்கு முன் சாப்பிட்டாரா என்று நோயாளியிடம் கேட்க டேக் கொஸ்டினே வேண்டாம். இறங்கு குரலில் கேட்டால், பயந்த மனிதர் நாம் எதிர்பார்க்கும் பதிலையே சொல்லிவிடுவார். "வென் டிட் யூ லாஸ்ட் ஈட்?" என்று நேராகக் கேட்கட்டும்.

வீட்டுப்பாடமாக, ஒரே வாக்கியத்தை இரண்டு ராகத்திலும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக ஒருவருக்கொருவர் அனுப்பச் சொல்லுங்கள். எது கேள்வி, எது ஆமோதிப்பு என்று கேட்பவர் சொல்ல வேண்டும். அவர் தவறாகச் சொன்னால், அனுப்பியவர் மறுபடி பேசி அனுப்ப வேண்டும்.