அயர்லாந்து வயலில் மர்மக் கல் கட்டடமா? முதலில் காளவாயா என்று பாருங்கள்

அயர்லாந்தின் கிராமப்புறத்தில் கொஞ்ச தூரம் நடந்தாலே ஏதாவது கண்ணில் படும். சரிவில் பாதி புதைந்த ஒரு கல் வாசல், வயல் நடுவே ஒற்றைக் குத்துக்கல், புல் மூடிய வட்டக் கரை. உடனே படம் எடுத்து, "ஐயாயிரம் வருடப் பழமை, ட்ரூயிட் பூசாரிகளின் பலிபீடம்" என்று போட்டுவிடுகிறார்கள் (ட்ரூயிட்கள் என்றால் பழங்காலக் கெல்டிய மக்களின் பூசாரிகள்). பல நேரம் காலமும் தப்பு, ஆளும் தப்பு. பழையதிலிருந்து யோசிக்கத் தொடங்குவதுதான் இதற்குக் காரணம். மிகச் சாதாரணமான, மிக அண்மைக் கால விளக்கத்தை முதலில் எடுத்துப் பார்த்துவிட்டு, அது பொருந்தாதபோது மட்டும் பின்னோக்கிப் போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரிவில் செருகியது போல ஒரு கல் முகப்பு, அதில் வளைவான திறப்பு. இதைக் கல்லறை என்றும் சுரங்கப்பாதை என்றும் நினைப்பவர்கள் ஏராளம். பெரும்பாலும் அது சுண்ணாம்புக் காளவாய்தான். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அமில மண்ணைத் திருத்தவும் சுவருக்கு வெள்ளையடிக்கவும் சுண்ணாம்பு தேவைப்பட்டது. அதனால் சுண்ணாம்புக்கல் கிடைக்கும் ஊர்களில் பண்ணைக்குப் பண்ணை காளவாய் கட்டினார்கள். சரிவில் கட்டியதற்குக் காரணம் உண்டு: மேலேயிருந்து கல்லையும் எரிபொருளையும் மாற்றி மாற்றிக் கொட்டலாம், கீழேயிருந்து சுட்ட சுண்ணாம்பை வாரி எடுக்கலாம். ஆகவே வாசலோடு நின்றுவிடாமல் மேட்டின் மேலே ஏறிப் பாருங்கள். கிணறு போல வட்டமான குழி ஒன்று கீழே குறுகிக்கொண்டே போகிறதா? உள்சுவர்க் கற்கள் சிவந்து, சில இடங்களில் உருகி, கண்ணாடி பூசியது போல மின்னுகின்றனவா? வளைவின் பின்சுவரில் தரையை ஒட்டி ஒரு சிறு துளை இருக்கிறதா? மூன்றும் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். குழியின் விளிம்பில் மட்டும் நிற்காதீர்கள், கற்கள் பெயர்ந்து வரும்.

அடுத்து ஏமாற்றுவது வேர்வைக் குடில். லெய்ட்ரிம் வட்டாரத்தில்தான் இவை அதிகம். ஒருவர் தவழ்ந்து போகும் அளவுக்கு மட்டும் வாசல், உள்ளே நாலைந்து பேர் குந்தும் இடம், மேலே புல்கட்டி மூடிய கல் கூரை. பார்த்தவர்கள் துறவியின் குகை என்பார்கள், குழந்தைகளின் கல்லறை என்றும் சொல்வார்கள். உண்மையில் இது மூட்டுவலிக்கான கிராமத்து நீராவிக் குளியல் மாதிரி, ஆனால் நீராவி இல்லாதது. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த டர்ஃப் கட்டிகளை உள்ளே மணிக்கணக்கில் எரிப்பார்கள். சூடு ஏறியதும் சாம்பலை வாரிவிட்டுத் தரையில் கோரையைப் பரப்பி, ஆட்கள் உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்வார்கள். வேர்த்துக் கொட்டியபின் பக்கத்து ஓடையில் ஒரு முங்கு. இந்த வழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. ஆகவே சின்னக் கல் குடில் ஒன்றைக் கண்டால், அருகில் ஓடை இருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள். கட்டடத்தை மட்டும் உற்றுப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தடயம் கிடைக்காது.

கட்டும் முறையை வைத்துக் காலம் சொல்வது இன்னொரு பெரிய சறுக்கல். சாந்து இல்லாமல் ஒவ்வொரு வரிசைக் கல்லையும் சற்று உள்ளே தள்ளி அடுக்கி, உச்சியில் ஒரே கல்லால் மூடும் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 3200 வாக்கில் கட்டிய நியூகிரேஞ்ச் கல்லறை அறையின் கூரை அப்படித்தான் எழுப்பப்பட்டது. அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து, ஸ்கெலிக் மைக்கேல் தீவின் துறவிகளும் தங்கள் குடில்களை அதே முறையில்தான் கட்டினார்கள். டிங்கிள் தீபகற்பத்தில் விவசாயிகள் ஆடு மாடு கட்டவும் தட்டுமுட்டுச் சாமான் வைக்கவும் 19-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகும் இப்படிக் கட்டியிருக்கிறார்கள். கூரை பழைய பாணி என்பதால் கட்டடமும் பழையது என்று சொல்ல முடியாது.

குத்துக்கல்லில் இன்னும் சிக்கல். வெண்கலக் காலத்தில் நட்டவையும் உண்டு, மாடு உரசிக்கொள்ள விவசாயி நட்டவையும் உண்டு. கல் வழவழப்பாக இருப்பதை வைத்து முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் மாட்டுக்குத் தொல்லியல் தெரியாது, பழைய கல்லிலும் உரசும். ஓரத்தில் துளைக்கருவி விட்டுப்போன அரைவட்டப் பள்ளம் இருந்தால், அந்தக் கல் அண்மைக் காலக் குவாரியில் உடைத்தது. விளிம்பில் வரிசையாகக் கீறல் தெரிந்தால் உடனே ஓகம், அதாவது கல்லின் விளிம்பில் கோடு கோடாக வெட்டும் பழைய ஐரிஷ் எழுத்து, என்று குதிக்கவும் வேண்டாம். ஏர்க்கொழு கீறியிருக்கலாம், பனியுகத்தில் நகர்ந்த பனிப்பாறை இழுத்த தடமாகவும் இருக்கலாம். பனிப்பாறை கொண்டுவந்து போட்ட தனிப் பாறைகள் பர்ரன் பகுதியின் சுண்ணாம்புத் தரையில் யாரோ தூக்கி வைத்தது போலவே உட்கார்ந்திருக்கும்.

சரி, உண்மையிலேயே பழையது என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் மக்கள் வைத்த பெயர் வழிமாற்றிவிடும். கிளேர் மாவட்டத்துப் பவுல்னப்ரோன் கல்திட்டை போன்றவற்றை முற்காலத்து ஆர்வலர்கள் ட்ரூயிட் பலிபீடம் என்றார்கள். 1980-களில் அகழ்ந்தபோது 30-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன, அது கல்லறை. ட்ரூயிட்கள் இருந்த காலத்துக்குச் சுமார் மூவாயிரம் ஆண்டு முந்தியது. அதேபோல் டேனியர் (வைக்கிங்குகள்) கோட்டை, தேவதைக் கோட்டை என்று சொல்லப்படும் வட்டக் கரைகளில் பெரும்பாலானவை வைக்கிங்குகள் கட்டியவை அல்ல, போருக்கானவையும் அல்ல. ஏறத்தாழ கி.பி. 500 முதல் 1000 வரை விவசாயக் குடும்பங்கள் வீட்டையும் மாட்டையும் சுற்றி எழுப்பிய வேலி அது. நாடு முழுக்கச் சுமார் 45,000 இருக்கின்றன. தேவதை கோபித்துக்கொள்ளும் என்ற பயத்தில் பலர் அவற்றை உழாமல் விட்டார்கள். சட்டத்தைவிட அந்தப் பயம் நன்றாகவே காவல் காத்திருக்கிறது.

நம் வாசகர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பவுல்னப்ரோனைப் பார்த்ததும் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்திட்டைகள் நினைவுக்கு வரும். உருவம் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் தமிழகத்தில் உள்ளவை இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை, அயர்லாந்தில் உள்ளது புதிய கற்காலத்தது. நாலு கல்லை நட்டு மேலே பலகைக்கல் வைப்பதை யாரும் யாரிடமும் கற்க வேண்டியதில்லை.

இன்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அன்றே இருந்தது என்று நம்புவதும் தவறு. நியூகிரேஞ்சின் புகழ்பெற்ற வெள்ளைப் படிகக்கல் முகப்பு, 1962 முதல் 1975 வரை நடந்த அகழாய்வையொட்டிக் கான்கிரீட் சுவரின் துணையோடு திரும்ப எழுப்பியது. அகழாய்வை நடத்திய ஓ'கெல்லியின் அந்த மறுகட்டமைப்பைப் பற்றி அறிஞர்களிடையே இன்றும் வாதம் உண்டு.

களத்தில் தலையைச் சொறிவதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். 1830, 40-களில் நாடு முழுவதையும் அளந்து, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைந்த ஆறங்குல வரைபடத்தில் காளவாய்கள் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அதே வரைபடம் ஒரு கல்லறையை "பூதத்தின் கல்லறை" என்றும் எழுதியிருக்கும், அதை அப்படியே நம்பக் கூடாது. அப்புறம், அரசின் தேசிய நினைவுச்சின்னங்கள் சேவை பதிவுசெய்த இடங்களையெல்லாம் இணைய வரைபடத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதில் இல்லாததால் மட்டும் ஓர் இடம் பழையதல்ல என்று ஆகிவிடாது. படமும் இடக்குறிப்பும் அனுப்பினால் அவர்கள் பார்ப்பார்கள். படத்தில் அளவு தெரிய ஒரு குச்சியாவது வையுங்கள்.

நிலம் பெரும்பாலும் தனியாருடையது. விவசாயியிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்டைத் திறந்தால் மூடுங்கள். அனுமதியின்றி மெட்டல் டிடெக்டர் வைத்துத் தொல்பொருள் தேடுவது அங்கே குற்றம். பர்ரனில் சுற்றுலாப் பயணிகள் தரைக்கல்லைப் பெயர்த்துக் குட்டிக் கல்திட்டைகள் கட்டி வைக்கிறார்கள். தரையும் கெடுகிறது, அடுத்து வருபவருக்கு அடையாளம் காணும் வேலையும் கெடுகிறது. அப்படி ஒன்றைக் கண்டால் படம்கூட எடுக்காதீர்கள்.