1.6 மியாட்டாவுக்குள் 1.8 இன்ஜின்: வீட்டு கராஜிலேயே மாற்றுவது எப்படி

மாஸ்டா மியாட்டாவின் முதல் தலைமுறை, அதாவது ஹெட்லைட் மேலே எழும்பி வருமே அந்தச் சின்ன வண்டி, 1989-ல் வந்தபோது அதில் இருந்தது 1597 சிசி இன்ஜின். அமெரிக்க மாடலில் 116 ஹார்ஸ்பவர், சுமார் 136 நியூட்டன் மீட்டர் டார்க். மொத்த எடையே ஒரு டன்னுக்குள் என்பதால் வளைவுகளில் ஓட்ட அருமையான வண்டி, ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து ஏசியும் போட்டுக்கொண்டு மேடு ஏறினால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போதவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். 1994 மாடலிலிருந்து மாஸ்டாவே 1839 சிசி இன்ஜினைப் போட்டது. அந்த இன்ஜினை 1990-93 வண்டிக்குள் எப்படி இறக்குவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃபோர்டு 302 வி8, ஜிஎம் எல்எஸ், ஹோண்டா கே24 எல்லாம் இந்த வண்டிக்குள் போயிருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு மவுன்ட், கியர்பாக்ஸ், ஆக்ஸில், சைலன்சர் என்று எல்லாமே மாறும், செலவு வண்டியின் விலையையே தாண்டிவிடும். முதல்முறை இன்ஜின் மாற்றுகிறவர்கள் அதே குடும்பத்து இன்ஜினைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1.6, 1.8 இரண்டுமே இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு. இன்ஜினைத் தாங்கும் கீழ்ச்சட்டமான சப்ஃபிரேமில் உட்காரும் இடம் ஒன்றே, கியர்பாக்ஸ் அப்படியே பொருந்தும், முன்பக்க எடையும் பெரிதாக ஏறாது. வண்டியின் குணம் கெடாமல் இழுவை மட்டும் கூடும்.

எந்த 1.8? 1994-95-ல் வந்தது 128 ஹார்ஸ்பவர், 1996-97-ல் 133, 1999-ல் வந்தது 140. கடைசியில் சொன்னது நிஜமாகவே நல்ல இன்ஜின், ஹெட்டில் காற்று போகும் வழியே மேம்பட்டது. ஆனால் அதன் சென்சார்கள் இருக்கும் இடம் வேறு, உங்கள் பழைய வயரிங்கோடு ஒத்துப்போக வைக்கக் கூடுதல் வேலை. 1994-97 இன்ஜினில், கேம் ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கேம் ஆங்கிள் சென்சார் 1.6-ல் இருப்பது போலவே ஹெட்டின் பின்பக்கம் இருக்கிறது, வீட்டில் செய்பவருக்கு அதுதான் வசதி. இன்னொரு லாபமும் உண்டு. 1990-லும் 1991-ன் தொடக்கத்திலும் வந்த 1.6 இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்நுனி குட்டையானது, புல்லி போல்ட் சரியாக இறுகாவிட்டால் சாவிப்பள்ளம் தேய்ந்து இன்ஜினே வீணாகிவிடும். 1.8-ல் அந்தத் தொல்லை கிடையாது.

காயலான் கடையில் இன்ஜின் பார்க்கும்போது ஓடோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பால் நிறத்தில் கசடு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இரண்டு சுற்று கையால் சுற்றிப் பாருங்கள். பேட்டரி கொண்டுபோய் கம்ப்ரெஷன் பார்க்க விட்டால் இன்னும் நல்லது, ஒவ்வொரு சிலிண்டரும் 170 பிஎஸ்ஐக்கு மேல் காட்டி, ஒன்றுக்கொன்று வித்தியாசம் 28-க்குள் இருந்தால் தைரியமாக வாங்கலாம். இன்ஜினை மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள். இன்டேக் மேனிஃபோல்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதற்குக் கீழே போகும் பைப், ஃபிளைவீல் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். 1.6-ன் மேனிஃபோல்டுகள் 1.8 ஹெட்டில் பொருந்தாது.

சரி, வேலைக்கு வருவோம். இன்ஜின் கிரேன் ஒன்று, அதோடு சாய்வைக் கூட்டிக் குறைக்கும் லெவலர் ஒன்று, நான்கு நல்ல ஜாக் ஸ்டாண்டு, டார்க் ரென்ச், இவை கட்டாயம். கிரேனை வாடகைக்கே எடுக்கலாம். தரை சமமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும், மண்தரையில் கிரேன் சக்கரம் உருளாது. வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. கழற்றும் ஒவ்வொரு கனெக்டருக்கும் டேப் ஒட்டி எண் போடுங்கள், கழற்றும் முன் போட்டோ எடுங்கள், போல்ட்டுகளை இடம்வாரியாகத் தனித்தனி பையில் போட்டு மேலே எழுதி வையுங்கள். இது சலிப்பான வேலைதான், ஆனால் திரும்பப் பூட்டும்போது பாதி நேரத்தை மிச்சப்படுத்துவது இதுதான்.

முதலில் பெட்ரோல் பிரஷரை இறக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பெட்ரோல் பம்ப் ரிலேயின் கனெக்டரைப் பிடுங்கினால் லைனில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நின்றுவிடும். அப்புறம் பேட்டரி, இந்த வண்டியில் அது டிக்கியில் இருக்கிறது, நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கூலன்ட், இன்ஜின் ஆயில், கியர் ஆயில் மூன்றையும் வடித்துவிட்டு பானெட், ரேடியேட்டர் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஏசி கம்ப்ரஸரின் குழாய்களைத் திறக்கவே வேண்டாம். அமெரிக்காவில் ஏசி வாயுவை வெளியே விடுவது சட்டப்படி குற்றம், அதோடு திரும்ப நிரப்பும் செலவும் சேரும். கம்ப்ரஸரை மட்டும் பிராக்கெட்டிலிருந்து கழற்றி, குழாயோடு ஓரமாகக் கம்பி போட்டுக் கட்டிவைத்தால் போதும். பவர் ஸ்டீயரிங் பம்பும் அப்படியே.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரிக்காமல் ஒன்றாக மேலே தூக்குவதுதான் சுலபம். வண்டிக்குள்ளிருந்து கியர் லிவரைக் கழற்றுங்கள், அடியில் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரை ஹோஸோடு ஓரம் கட்டுங்கள், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை எடுங்கள். இப்போது ஒரு முக்கியமான விஷயம். கியர்பாக்ஸையும் பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியலையும் நீளமான ஓர் அலுமினியச் சட்டம் இணைக்கிறது, பிபிஎஃப் என்பார்கள். மியாட்டா கியர்பாக்ஸுக்குத் தனியாக மவுன்ட் கிடையாது, அதைத் தாங்குவதே இந்தச் சட்டம்தான். ஆகவே கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக் வைத்துத் தாங்கிய பிறகே சட்டத்தின் போல்ட்டுகளைத் தொடுங்கள். டிஃபரன்ஷியலுக்கும் கீழே ஒரு தாங்கு வையுங்கள். அப்புறம் இரண்டு மவுன்ட் நட்டுகளையும் எடுத்துவிட்டு, கிரேனை மெதுவாக ஏற்றிக்கொண்டே லெவலரால் பின்பக்கத்தைத் தாழ்த்தினால் முழுசும் சாய்ந்தபடி வெளியே வரும். கிரேனை ஒருவர் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் ஃபயர்வால் பக்கம் நின்று ஏதாவது வயர் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

புது இன்ஜின் வெளியே ஸ்டாண்டில் நிற்கும் இந்த நேரத்தைப் பெரும்பாலானோர் வீணாக்குகிறார்கள். உள்ளே இறக்கிய பிறகு கை போகாத இடங்கள் எல்லாம் இப்போது கண் முன்னே இருக்கின்றன. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல்கள், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ ரிங்கை மறக்கவே மறக்காதீர்கள். சில்லறைக் காசு பொருள், அது கசிந்தால் ஆயில் ஹெட்டின் பின்பக்கமாக ஒழுகி ஹீட்டர் ஹோஸ்களை ஊறவைத்துக் கெடுக்கும், வண்டிக்குள் இருக்கும்போது அதை மாற்றப் படும் பாடு கொஞ்சமல்ல. அந்த ஹீட்டர் ஹோஸ்களையும் கையோடு மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் போடும்போது கேம் சக்கரங்களில் இருக்கும் ஆங்கில I, E குறிகளுக்கு நடுவே பெல்ட்டில் 19 பல் இருக்க வேண்டும், போட்டபின் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள்.

கிளட்சும் இப்போதே. 1.6-ல் 200 மில்லிமீட்டர் கிளட்ச், 1.8-ல் 215. ஃபிளைவீல், பிரஷர் பிளேட், டிஸ்க் மூன்றும் ஒரே 1.8 செட்டாக இருக்க வேண்டும், பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங் இரண்டும் புதியது. ஃபிளைவீல் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக 96-லிருந்து 103 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்குங்கள்.

கூலன்ட் பாதை பற்றியும் ஒரு வார்த்தை. இந்த இன்ஜின் குடும்பம் முதலில் மாஸ்டா 323-ல் குறுக்குவாட்டில் நின்றது, அதில் சூடான தண்ணீர் ஹெட்டின் மறுமுனை வழியாக வெளியேறும். மியாட்டாவில் நீளவாட்டில் நிறுத்தியபோது அந்த முனை ஃபயர்வாலை ஒட்டி வந்துவிட்டதால் அதை மூடி, தண்ணீர் நுழைவது, வெளியேறுவது இரண்டையும் முன்பக்கமே வைத்தார்கள். அதனால் பின்னால் இருக்கும் சிலிண்டர்கள் முன்னால் இருப்பவற்றைவிடச் சூடாக ஓடுகின்றன. சாதாரணமாக ஓட்டுகிறவர்களுக்கு இதில் பாதிப்பு இல்லை. டிராக்கில் ஓட்டுவதாக இருந்தால், பின்னாளில் டர்போ போடும் எண்ணம் இருந்தால், தெர்மோஸ்டாட்டைப் பின்முனைக்கு மாற்றும் கிட்டை இப்போதே போட்டுவிடுங்கள். இன்ஜின் வெளியே இருக்கும்போது ஒரு மாலை வேலை, உள்ளே இருக்கும்போது முதுகு உடையும்.

பழைய இன்ஜினிலிருந்து எடுத்து மாட்ட வேண்டியவற்றில் ஆயில் பிரஷர் சென்டர் முக்கியம். 1990-94 வண்டிகளின் மீட்டர் உண்மையான பிரஷரைக் காட்டும், 1995 முதல் வந்தது வெறும் சுவிட்ச் போலத்தான் வேலை செய்யும். அந்தப் பிற்கால இன்ஜினில் இருப்பதையே விட்டுவிட்டால் உங்கள் மீட்டர் பொய் சொல்லும். இன்ஜின் மவுன்ட் பிராக்கெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ரப்பர் வெடித்திருந்தால் புதிதாகவே வாங்குங்கள்.

இனி வருவதுதான் இந்த வேலையின் மையம்: காற்றை அளப்பது. போல்ட்டும் நட்டும் பொறுமை இருந்தால் முடிந்துவிடும், இன்ஜின் மாற்றிய பல வண்டிகள் மாதக்கணக்கில் நின்றுபோவது இந்த இடத்தில்தான். 1.6-ல் காற்று உள்ளே போகும் வழியில் ஒரு கதவு இருக்கும், காற்று தள்ளத் தள்ள அது திறக்கும், எவ்வளவு திறந்தது என்பதை வைத்து இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கணக்கிடும். அந்தக் கதவுப் பெட்டிக்குள்ளேயே பெட்ரோல் பம்ப்பை ஓடவிடும் சுவிட்சும் இருக்கிறது. 1.8-ல் கதவு கிடையாது, சூடான கம்பி வைத்து அளக்கும் சென்சார், பம்ப்பை இசியூவே இயக்கும். ஆகவே 1.8-ன் இசியூவைக் கொண்டுவந்து 1.6 வயரிங்கில் சொருகினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

வழிகள் இரண்டு. பழைய இசியூ, பழைய கதவுப் பெட்டி, பழைய த்ராட்டில் சென்சார் மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்வது முதல் வழி. த்ராட்டில் சென்சாரும் ஏன் என்றால், மேனுவல் கியர் 1.6-ல் அது வெறும் சுவிட்ச், 1.8-ல் படிப்படியாக வோல்டேஜ் மாறும் வகை, பழைய இசியூவுக்கு அது புரியாது. செலவு குறைவு, வண்டி ஓடும், ஆனால் அந்தக் கதவு காற்றைத் தடுப்பதால் மேல் ஆர்பிஎம்மில் 1.8-ன் முழுப் பலன் கிடைக்காது. இரண்டாவது, மெகாஸ்குவர்ட் போன்ற தனி இசியூ. அது மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்துக் கணக்கிடுவதால் கதவுப் பெட்டியே தேவையில்லை, மியாட்டாவின் பழைய பிளக்கிலேயே நேராகச் சொருகும் வகையும் உண்டு. காசு இருந்தால் இரண்டாவதையே எடுங்கள். எதை எடுத்தாலும் சைலன்சர் பைப்பில் ஒரு வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் போட்டு, முழு த்ராட்டிலில் காற்று-பெட்ரோல் விகிதம் 13-க்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பார்க்கும்வரை வண்டியை விரட்டாதீர்கள்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு வழியுமே ஆகாது. அங்கே இன்ஜினோடு அதன் புகைக் கட்டுப்பாட்டுப் பொருட்கள் எல்லாம் வர வேண்டும், இன்ஜின் உங்கள் வண்டியின் ஆண்டோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும், புகைச் சோதனைக்கான ஸ்மாக் ரெஃபரி என்ற அதிகாரி பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். 1994 அல்லது 1995 வண்டி ஒன்றை முழுசாக வாங்கி, வயரிங்கோடு மாற்றுவதுதான் அவர்களுக்கு நல்லது.

உள்ளே இறக்குவது கழற்றியதன் தலைகீழ் வரிசை. பிபிஎஃப் சட்டத்தை மட்டும் அவசரப்பட்டு இறுக்க வேண்டாம். கியர்பாக்ஸின் வால் சரியான உயரத்தில் நிற்காவிட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெட்டு ஹைவே வேகத்தில் அதிர்வு வரும். சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவை வைத்துப் பார்த்துவிட்டு 104-லிருந்து 123 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டுக்கு அடியில் இருக்கும் டயக்னாசிஸ் பெட்டியில் எஃப்/பி, ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து இக்னிஷனைப் போடுங்கள். பம்ப் ஓடும், பெட்ரோல் எங்காவது கசிகிறதா என்று நிதானமாகப் பார்க்கலாம், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். அடுத்து அந்த வயரை எடுத்துவிட்டு, கேம் ஆங்கிள் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள், பொறியும் வராது பெட்ரோலும் வராது, ஆயில் மட்டும் ஏறும். மீட்டரில் பிரஷர் எழும்பியதும் கனெக்டரை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். முதலில் வால்வுப் பக்கம் டக் டக் என்று சத்தம் வரும், ஹைட்ராலிக் லிஃப்டர்களில் ஆயில் நிறைய நிறைய அது அடங்கும். இன்ஜின் சூடானதும், பழைய இசியூ வைத்திருப்பவர்கள் அதே பெட்டியில் டென் (TEN), ஜிஎன்டி முனைகளை இணைத்து, டைமிங் லைட் பிடித்து பொறி விழும் நேரத்தை 10 டிகிரிக்கு வையுங்கள்.

கடைசியாக, டிஃபரன்ஷியலும் பிரேக்கும். 1.6-ன் டிஃபரன்ஷியல் சிறியது, கிளட்சைச் சட்டென்று விட்டுக் கிளம்பும் பழக்கம் இருந்தால் உடையும். 1.8-ன் பெரியது வேண்டுமென்றால் அதன் புரொப்பெல்லர் ஷாஃப்டும் இரண்டு பக்க ஆக்ஸில்களும் சேர்ந்து வர வேண்டும், அதில் ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் குறைக்கும் டார்சன் வகை கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் 1.6-ல் இருக்கும் 4.30 விகிதம் 4.10-க்கு இறங்குவதால் பிக்கப்பில் கொஞ்சம் போகும், அந்த ஒரு காரணத்துக்காகவே நிதானமாக ஓட்டுகிறவர்கள் பழையதையே வைத்துக்கொள்ளலாம். பிரேக்கில் அந்தச் சலுகை இல்லை. முன் டிஸ்க் 235 மில்லிமீட்டரிலிருந்து 255-க்கும், பின் டிஸ்க் 231-லிருந்து 251-க்கும் மாற, 1.8-ன் டிஸ்குகளும் கேலிப்பர் பிராக்கெட்டுகளும் போதும். இன்ஜின் வாங்கும் அதே வண்டியிலிருந்து அவற்றையும் கழற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.