வீட்டில் கட்டும் கயாக்: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

படகு, துடுப்பு, தள்ளுவண்டி, காற்றுப்பை என்று கயாக்குக்கு (ஒருவர் உட்கார்ந்து துடுப்பு போடும் ஒடுங்கிய படகு) வேண்டியதில் பாதியை மொட்டை மாடியிலேயே செய்துவிடலாம். எதைச் செய்யலாம், எதைக் கடையில் வாங்கியே தீர வேண்டும் என்று முடிவுசெய்ய ஒரு கேள்வி போதும். நடுத்தண்ணீரில் இது பிய்ந்தால் போவது நேரமா, உயிரா? தள்ளுவண்டிச் சக்கரம் கழன்றால் படகைத் தோளில் சுமக்கலாம். லைஃப் ஜாக்கெட் அப்படியில்லை. ஐஎஸ்ஓ 12402-5 தரத்தில் வரும் 50 நியூட்டன் அங்கி சுமார் ஐந்து கிலோ தூக்குவிசை தரும். அந்த விசை சரியான இடத்தில் இருந்தால்தான் தலை தண்ணீருக்கு மேலே நிற்கும். பழைய துணிக்குள் தெர்மோகோல் துண்டுகளைத் தைத்துப் போட்டுக்கொள்வது இன்னமும் நடக்கிறது. அது நொறுங்கி மணிமணியாக உதிரும், பெட்ரோல் பட்டால் கரையும். இந்த ஒரு பொருளில் சிக்கனம் வேண்டாம்.

மற்றதெல்லாம் செய்யலாம். முதலில் படகு.

பிளைவுட் பலகைகளை வெட்டி, விளிம்பில் 10–15 செ.மீ. இடைவெளியில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, உள்மூட்டில் எபாக்சிப் பசை (ரெசினையும் ஹார்ட்னரையும் கலந்தால் இறுகுவது) பூசும் முறைதான் வீட்டுக்கு ஏற்றது. 17 அடிப் படகுக்கு எட்டுக்கு நாலு அளவில் 4 மி.மீ. ஷீட் மூன்று வேண்டியிருக்கும். கடைக்காரர் "வாட்டர்ப்ரூஃப்" என்று சொல்வதை நம்பி வாங்குவதில் முதல் தவறு நடக்கிறது. ஐஎஸ் 303 என்று அச்சடித்த ஷீட் அலமாரிக்கு. ஐஎஸ் 710 முத்திரை உள்ளதுதான் மரைன் பிளை. முத்திரை இருந்தாலும் கையகலத் துண்டை இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டுப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் அந்த ஷீட் வேண்டாம். இங்கே கிடைக்கும் கனமான மரத்தில் செய்த மரைன் பிளை, வெளிநாட்டு ஒக்கூமே என்ற லேசான மரத்தின் பிளையைவிட ஷீட்டுக்கு மூன்று கிலோ வரை கூடுதல் எடை. மூன்று ஷீட்டுக்கு ஒன்பது கிலோ. படகைத் தனியாகத் தூக்கிக் காரில் ஏற்றப் போகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்கட்டும்.

தைத்து முடித்ததும் கம்பிகளை முறுக்கி இறுக்குவதற்கு முன், அணியத்திலும் (முன்முனை) அமரத்திலும் (பின்முனை) குறுக்காக ஒவ்வொரு நேர்ச்சட்டம் வைத்து, பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரியவில்லை என்றால் உடல் முறுக்கியிருக்கிறது. பசை காய்ந்தபிறகு இதற்கு மருந்தே கிடையாது. அந்தப் படகு ஆயுள் முழுக்க ஒரு பக்கமாகவே இழுக்கும்.

அடுத்தது ரெசின். பாதிப் படகுகள் கெடுவது இங்கேதான்.

எஃப்ஆர்பி (கண்ணாடியிழை) கடைக்குப் போய் "ரெசின்" என்று கேட்டால் பாலியஸ்டர்தான் கொடுப்பார்கள். மலிவு, சீக்கிரம் காயும். ஆனால் மரத்தை அது உண்மையில் பிடிப்பதில்லை. ஈரம் ஏறியதும் தோலுரிந்து வரும். எபாக்சி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதே கடையில் தரும், வெட்டிய கண்ணாடி இழைகளைப் பாய் மாதிரி ஒட்டிய "மேட்" வேண்டாம். அதன் இழைகளை ஒட்டவைத்திருக்கும் பசை பாலியஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் கரையாது. அதனால் வளையாமல் வெள்ளை வெள்ளையாக விறைத்து நிற்கும். படகின்மேல் எபாக்சியோடு போர்த்த, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடித் துணி போதும். (தண்ணீர்த் தொட்டிக்கோ வேறெதற்கோ பாலியஸ்டர் வாங்கினால், கூடவே வரும் கோபால்ட்டையும் பெராக்சைடு ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்துவிடாதீர்கள். வெடிக்கும்.)

எபாக்சியில் ஹார்ட்னரைக் கொஞ்சம் தாராளமாக விட்டால் சீக்கிரம் இறுகும் என்பது பெயின்ட் அடித்த பழக்கம். இங்கே நடப்பது தலைகீழ். மிஞ்சிய ஹார்ட்னர் வினையில் சேராமல் உள்ளேயே தங்கி, பரப்பு ரப்பராகவே நிற்கும். டப்பாவில் 2:1 என்று போட்டிருந்தால் அது கொள்ளளவா எடையா என்று பாருங்கள். ஹார்ட்னர் ரெசினைவிட லேசானது. அதனால் கொள்ளளவில் 2:1 என்பதைத் தராசில் 100 கிராமுக்கு 50 கிராம் என்று போட்டால் ஹார்ட்னர் கூடிவிடும். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசும், தயாரிப்பாளர் தரும் எடை விகிதமும் இருந்தால் குழப்பமே இல்லை. இரண்டு நிமிடம், கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் சுரண்டிச் சுரண்டிக் கலக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலில் இன்னொரு வம்பு உண்டு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் கலவை கையாளும்படி இருக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். அரை லிட்டரை ஒரே குவளையில் கலந்து வைத்தால் அது தன் சூட்டிலேயே புகைந்து குவளையை உருக்கிவிடும். ஸ்லோ ஹார்ட்னர் வாங்குங்கள். ஒரு தடவைக்கு 150 மி.லி.க்கு மேல் கலக்காதீர்கள். கலந்ததைக் குவளையிலேயே வைத்திருக்காமல் தட்டையான தட்டில் ஊற்றிவிடுங்கள்.

முதல் பூச்சைக் காலையில் அடிக்கிறவர்கள் மதியம் படகு முழுக்கக் கொப்புளத்தைப் பார்ப்பார்கள். வெயில் ஏற ஏற மரத்துளைகளில் உள்ள காற்று விரிந்து பசையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதுதான் காரணம். மாலை நாலரை, ஐந்து மணிக்கு, சூடு இறங்கும்போது அடித்தால் காற்று சுருங்கிப் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரவு ஈரப்பதத்தால் மறுநாள் மேலே மெழுகு மாதிரி வழவழப்பு படியலாம். நேராக உப்புத்தாளை எடுக்கக் கூடாது, தேய்த்தால் அது இன்னும் உள்ளே போகும். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவி, துடைத்துக் காயவிட்ட பிறகே தேய்க்க வேண்டும்.

உள்மூட்டுப் பசைக்கு மரமாவும் கொஞ்சம் சிலிக்காத் தூளும் சேர்ப்பார்கள். ரம்பத்தூளை அப்படியே போடாமல் மாவு சல்லடையில் சலித்துப் போடுங்கள். இட்லி மாவுப் பதத்தில் இருந்தால் வழியும். சப்பாத்தி மாவுப் பதத்தில் மரத்தை நனைக்காது. கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத வடை மாவுப் பதம்தான் சரி. பூசும் முன் மரத்தை வெறும் எபாக்சியால் ஒருமுறை நனைத்துவிட வேண்டும். இல்லையென்றால் காய்ந்த மரம் கலவையிலிருந்து பசையை உறிஞ்சிக்கொள்ளும், மூட்டு வெறும் தூளாக நிற்கும்.

எபாக்சி வெயில் தாங்காது. மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷோ பெயின்டோ கட்டாயம். நிறம் வெள்ளை அல்லது வெளிர்நிறம். சாதாரண எபாக்சி 50–60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கறுப்பு மேல்தளம் அந்தச் சூட்டை எளிதாகத் தொட்டுவிடும்.

முன்னும் பின்னும் தடுப்புப் பலகை வைத்துக் காற்றறை அமைப்பவர்கள் அதைப் பாட்டில் மாதிரி அடைத்துவிடுகிறார்கள். 27 டிகிரியில் மூடிய அறை வெயிலில் 55 டிகிரிக்குப் போனால் உள்ளழுத்தம் ஒன்பது சதவீதம் ஏறும். 50-க்கு 20 செ.மீ. தடுப்பின்மேல் கணக்குப்படி 90 கிலோவுக்கு மேல் தள்ளல். மரம் கொஞ்சம் வளைந்து கொடுத்தாலும் மூட்டு எங்காவது விடும். அதே சூட்டோடு படகைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, மூடியின் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சும். தடுப்பின் மேல்பகுதியில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டால் தீர்ந்தது. துளைவழி கசிவது சில சொட்டுதான். காற்றறையே இல்லாத படகு கவிழ்ந்தால் 150–200 லிட்டர் தண்ணீர் ஏறும், அதைக் கடலில் இறைத்துக் காலி செய்ய ஒருவரால் முடியாது. அறை வேண்டாம் என்றால் காற்றுப்பை போடுங்கள். டிபியு (சூட்டில் இளகி ஒட்டும் பிளாஸ்டிக்) பூசிய நைலான் துணியை வெண்ணெய்த் தாளுக்கு நடுவே வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒட்டலாம். வெறும் பியு பூச்சுள்ள குடைத்துணி ஒட்டாது. வாங்கும் முன் ஒரு துண்டைச் சுட்டுப் பார்த்துவிடுங்கள்.

துடுப்பைச் செதுக்க நினைப்பவருக்கு கிரீன்லாந்துத் துடுப்பு (இரு முனையிலும் ஒடுங்கிய அலகுள்ள மரத்துடுப்பு) நல்ல ஆரம்பம். நீளம், இரு கைகளையும் விரித்த அகலத்தோடு ஒரு முழம். 170 செ.மீ. ஆளுக்கு 215 செ.மீ. வரும். அலகு 9 செ.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது. விரல்கள் விளிம்பைச் சுற்றிப் பிடிக்க வேண்டுமே! தேக்கில் செதுக்குவது பலர் செய்யும் தவறு. பார்க்க அழகாக இருக்கும், அரைநாளில் தோள் இறங்கிவிடும். நிமிடத்துக்கு 50 தடவை போட்டாலும் மணிக்கு 3,000 தடவை தூக்குகிறோம். முடிந்த துடுப்பு ஒரு கிலோவைச் சுற்றி நிற்கட்டும். முடிச்சில்லாத, ரேகை முனைக்கு முனை நேராக ஓடும் பைன் போதும். ரேகை ஓரத்தில் வெளியேறினால் அங்கேதான் உடையும். பிடியில் வார்னிஷ் பூசினால் உள்ளங்கை கொப்புளிக்கும், ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காயும்போது சூடாகித் தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

தண்ணீர் உள்ளே வராமல் இருக்கைத் திறப்பை மூட இடுப்பில் கட்டும் மூடுதுணியின் முன்வளையம் எப்போதும் வெளியே இருக்க வேண்டும். அதை உள்ளே மடித்துப் பூட்டிவிட்டுக் கவிழ்ந்தால் இழுத்துக் கழற்றப் பிடிமானமே இருக்காது. மேல்தளக் கயிறு 5–6 மி.மீ. பாலியஸ்டர். நைலான் நனைந்தால் தொளதொளக்கும். கொக்கியும் திருகும் 304 ஸ்டீல் என்றால் உப்பில் துரு தெரியும், 316 கேளுங்கள்.

காரின் கூரையில் ஏற்றும்போது பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் அது "உய்ய்" என்று கத்தாது. முன்முனையைத் தனிக்கயிறால் பம்பருக்குக் கட்டுவதை விட்டுவிடாதீர்கள். ராட்செட் பெல்ட் வேண்டாம், ஆர்வத்தில் இறுக்கிப் பிளைவுட்டை நொறுக்கிவிடுவார்கள். பிளாஸ்டிக் படகென்றால் மல்லாத்தாமல் பக்கவாட்டில் சாய்த்து ஏற்றுங்கள். வெயிலில் கம்பி பட்ட இடம் குழிந்துவிடும்.

புதுப் படகை முதலில் கரையிலேயே சோதிக்க வேண்டும். ஒவ்வொரு காற்றறையிலும் பத்து லிட்டர் ஊற்றி, சாய்த்து, மறுபக்கம் கசிகிறதா என்று பாருங்கள். பிறகு இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஒருவர் நிற்க, வேண்டுமென்றே கவிழ்ந்து மூடுதுணியைக் கழற்றி வெளியே வரப் பழகுங்கள். கவிழ்ந்த படகில் மறுபடி ஏறுவதும் அங்கேயே பழக வேண்டியது. துடுப்பு முனையில் மாட்டும் மிதவையை வீட்டில் செய்திருந்தால் பத்து லிட்டர் பருமனாவது இருக்கட்டும். அதைவிடச் சின்னதில் ஆள் ஏறும்போது துடுப்பு அமிழ்ந்துவிடும்.

காற்றைப் பற்றிய தவறு எல்லாவற்றிலும் மோசமானது. சோழமண்டலக் கரையில் விடியற்காலை கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், புதியவர் அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். அது அமைதி அல்ல. நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று கரையோரத்தில் அலை எழுப்பாது, உள்ளே போகப்போகத்தான் வலு தெரியும். ஆனி, ஆடியில் மேல்காற்றும் சேர்ந்துகொள்ளும். கட்டுமரக்காரர்கள் பாய் கட்டிய காலத்தில் இந்தக் கரைக்காற்றில் வெளியே போய், நண்பகலுக்குப் பிறகு கிளம்பும் கடற்காற்றில் வீடு திரும்பினார்கள். பாய் இல்லாத கயாக்காரர் ஒரு மணி நேரம் சொகுசாகப் போய்விட்டுத் திரும்பினால் அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும், கைகளும் அப்போது சோர்ந்திருக்கும். முதல் சில மாதம் கழிமுகத்துக்குள், அல்லது கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கரையை ஒட்டியே ஓட்டுங்கள். எந்தப் பக்கம் காற்று எதிர்க்கிறதோ அந்தப் பக்கம் முதலில் போங்கள். கிளம்பும் முன் மணலை ஒரு கைப்பிடி அள்ளி விட்டுப் பார்த்தால் திசை தெரிந்துவிடும்.