பாரிஸ்ல பிராண்டட் ஹேண்ட்பேக்: லாபமா இல்லையான்னு கணக்கு போட்டு வாங்குறது எப்படி?

ஐரோப்பா டூர் புக் பண்ணிட்டோம்னு சொன்ன உடனே சொந்தத்துல யாராவது ஒருத்தர் கேட்ருவாங்க, "அங்க லூயி வித்தோன் பேக்லாம் பாதி விலையாமே?"ன்னு. பாதி விலைலாம் இல்லங்க. கொஞ்சம் கம்மி, அவ்ளோதான். அந்தக் கொஞ்சத்துலயும் டாக்ஸ் ரீஃபண்ட் கம்பெனி ஒரு பங்கு எடுத்து, நம்ம பேங்க் ஒரு பங்கு எடுத்து, கடைசில ஏர்போர்ட் கஸ்டம்ஸ் பெரிய பங்கா எடுத்ததுக்கு அப்புறம் கையில என்ன மிஞ்சுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு கடைக்குள்ள நுழைஞ்சா போதும். இந்தியால குடியிருந்துக்கிட்டு மொத தடவை பாரிஸ் போறவங்களுக்காக எழுதுறேன், வேற நாட்ல செட்டில் ஆனவங்களுக்கு கணக்கு வேற மாதிரி வரும்.

ஸ்டெப் 1: ஊர்ல இருக்கும்போதே ரெண்டு விலையையும் எழுதி வைங்க

பிராண்டோட வெப்சைட்ல நாட்டை ஃபிரான்ஸ்னு மாத்தினா யூரோ விலை வந்துரும். அதுல 20% வாட் (அங்கத்த விற்பனை வரி) ஏற்கனவே சேர்ந்துதான் இருக்கும். அதே மாடலோட இந்திய விலையையும் பாருங்க, சைட்ல போடலன்னா பெங்களூரு யூபி சிட்டி மாதிரி இடத்துல இருக்குற கடைக்கு போன் போட்டு கேட்டா சொல்லுவாங்க, கூச்சப்பட ஒண்ணும் இல்ல. இந்த ரெண்டு நம்பர் கையில இல்லாம பாரிஸ் கடையில நின்னுக்கிட்டு "இங்க சீப்பாதான இருக்கும்"னு நாமளா நெனச்சுக்கிட்டு கார்டை நீட்டுறதுதான் நெறைய பேர் பண்றது.

ஸ்டெப் 2: இப்ப உண்மையான கணக்கு

1,500 யூரோ பேக் ஒண்ணுன்னு வைங்க, யூரோ 100 ரூபான்னு ரவுண்டா வெச்சுக்கலாம். ஆக 1,50,000.

டூரிஸ்ட்டுக்கு வாட் 20% திரும்பக் கிடைக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அந்த 20% வரிக்கு முந்தின விலை மேல போட்டது, அதனால நீங்க குடுக்குற 1,500ல வரி 250 யூரோதான். அதுலயும் குளோபல் புளூ, பிளானட் மாதிரி ரீஃபண்ட் கம்பெனிங்க அவங்க கட்டணத்தை எடுத்துக்கிட்டு சாதாரணமா 12% கிட்டதான் குடுப்பாங்க, அதாவது 180 யூரோ. நம்ம காசுல 18,000.

அடுத்து கார்டு. சாதா கிரெடிட் கார்டுல ஃபாரெக்ஸ் மார்க்கப் (வெளிநாட்டு பணத்துல செலவு பண்றதுக்கு பேங்க் புடிக்கிற கட்டணம்) 3.5% வரைக்கும் இருக்கும், அதுக்கு ஜிஎஸ்டி வேற, 6,000 ரூபாய்க்கு மேல சத்தமில்லாம போயிரும். ஜீரோ மார்க்கப் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ வெச்சுக்கங்க. கடையில மெஷின் "ரூபால கட்றீங்களா யூரோல கட்றீங்களா"ன்னு கேட்டா யூரோன்னு அமுக்குங்க. ரூபாயைத் தொட்டீங்கன்னா அவங்க இஷ்டத்துக்கு ஒரு ரேட்டு போட்டுருவாங்க.

இனிமேதான் பெருசு. திரும்பி வரும்போது நம்ம கஸ்டம்ஸ்ல ட்யூட்டி ஃப்ரீ வரம்பு 2016 விதிப்படி ஆளுக்கு 50,000 ரூபாயா இருந்துச்சு, 2026 பிப்ரவரில வந்த புது விதில 75,000 ஆக்கிருக்காங்க. அதுக்கு மேல இருக்குற மதிப்புக்கு ட்யூட்டி 35%, அது மேல சர்சார்ஜ் சேர்த்து 38.5%ன்னு வெச்சுதான் நான் கணக்கு போடுறேன், பட்ஜெட்டுக்கு பட்ஜெட் கை வைக்குற விஷயங்கிறதால கிளம்புறதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ் சைட்ல ஒரு தடவை பாத்துருங்க. நம்ம பேக்குக்கு 1,50,000ல 75,000 கழிச்சா மீதி 75,000, அதுக்கு 38.5% போட்டா 28,875 ரூபா.

ஆக 1,50,000ல ரீஃபண்ட் 18,000 போச்சு, ட்யூட்டி 28,875 ஏறுச்சு, முடிவுல 1,60,875. ரீஃபண்ட் வாங்கினதை விட அதிகமா ட்யூட்டி கட்டியிருக்கோம், பாத்தீங்களா? இந்திய கடையில அதே பேக் 1,80,000ன்னா இன்னும் லாபம்தான், கிட்டத்தட்ட 19,000 மிச்சம். 1,65,000ன்னா நாலாயிரம் ரூபாய்க்காக ஏர்போர்ட்ல ரெண்டு க்யூ நிக்கணுமான்னு நீங்களே யோசிங்க.

"நானும் அவரும் ரெண்டு பேர், 75 + 75 ஒன்றரை லட்சம் ஆச்சே"ன்னு கேக்காதீங்க. ஒருத்தரோட வரம்பை இன்னொருத்தரோட சேக்க விதியே இல்ல, ஒரு பேக் ஒருத்தர் கணக்குலதான் வரும்.

ஸ்டெப் 3: எந்த பேக்னு முடிவு பண்றது

என்னைக் கேட்டா மொத தடவை போறவங்களுக்கு வரம்புக்குள்ள அடங்குற பேக்தான் நெஜமான லாபம். லோன்ஷாம்ப் லெ பிளியாஜ், 1993ல வந்த மடக்கி வைக்கிற நைலான் பேக், பாரிஸ்ல ஆபீஸ் போற பொண்ணுங்க தோள்ல எல்லாம் தொங்கும். லெதர்தான் வேணும்னா பொலேன் இருக்கு, 2016ல ஆரம்பிச்ச பாரிஸ் பிராண்ட், தைக்கிறது ஸ்பெயின்ல உப்ரிக்கேங்கிற லெதர் ஊர்ல. 400 யூரோ பேக்னா ரீஃபண்ட் போக 35,200 ரூபா, வேற எதுவும் பெருசா வாங்கலன்னா ட்யூட்டியே கிடையாது.

லூயி வித்தோன்தான் வேணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா தள்ளுபடிக்காக காத்திருக்காதீங்க, அவங்க சேலும் போட மாட்டாங்க, அவுட்லெட்டும் கிடையாது. "ஒரிஜினல் அவுட்லெட்"னு எவனாவது சொன்னா அது போலி. ஈஃபிள் டவர் கிட்ட துணி விரிச்சு விக்கிறதும் அதேதான், ஃபிரான்ஸ்ல போலிப் பொருளைக் கையில வெச்சிருக்கிறதே கஸ்டம்ஸ் குத்தம், தெரியாம வாங்கிட்டேன்னு தப்பிக்க முடியாது.

எர்மேஸ் பிராண்டோட பிர்கின் பேக் கனவோட போறவங்களுக்கு ஒரு வார்த்தை: பாரிஸ்ல லெதர் பேக் பாக்கணும்னாலே முந்தின நாள் ஆன்லைன்ல அப்பாயின்ட்மென்ட் கேக்கணும், கிடைக்கிறது குலுக்கல் மாதிரி. கிடைச்சாலும் கேட்ட பேக் இருக்கும்னு உறுதி இல்ல. டூர் பிளானை அதை நம்பிப் போடாதீங்க.

ஸ்டெப் 4: கடையில

ஒரிஜினல் பாஸ்போர்ட் கொண்டு போங்க. ஒரே கடையில 100 யூரோவுக்கு மேல வாங்கினா "டிடாக்ஸ்" (détaxe)னு கேக்கலாம், ஃபிரெஞ்சுல டாக்ஸ் ரீஃபண்டுக்கு அதான் பேர், "டிடாக்ஸ் சில் வூ ப்ளே"ன்னா போதும் உடனே ஃபார்ம் எடுப்பாங்க. 16 வயசு ஆகியிருக்கணும், ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய குடியிருக்கணும், தங்குறது ஆறு மாசத்துக்கு குறைவா இருக்கணும். கேலரி லஃபாயெத், பிரான்தான் (Printemps) மாதிரி பெரிய மால்ல வேற வேற பிராண்ட்ல வாங்குனதையும் பெரும்பாலும் டிடாக்ஸ் கவுண்டர்ல சேத்துப் போட்டுக்கலாம்.

ஃபார்ம்ல பாஸ்போர்ட் நம்பரும் பேர் ஸ்பெல்லிங்கும் சரியா இருக்கான்னு அங்கயே நின்னு பாருங்க, நம்ம பேர்ல இனிஷியல் ஒரு பக்கம் அப்பா பேர் ஒரு பக்கம்னு இருக்கறதால அவங்க குழம்புவாங்க. கார்டுக்கு ரீஃபண்ட், கையில பணம்னு ரெண்டு வழி கேப்பாங்க, கார்டுதான் நல்லது, பணமா வாங்கினா இன்னும் கொஞ்சம் புடிப்பாங்க.

பாரிஸ்ல லா ஷப்பெல் ஏரியா பக்கம் நம்ம தமிழ் ஆளுங்க நிறைய பேர் இருக்காங்கல்ல, அங்க சித்தி பொண்ணோ மாமா பையனோ இருந்தா "அக்கா உங்க பாஸ்போர்ட்ல எனக்கு ஒரு பேக் எடுத்துக் குடுங்க"ன்னு கண்டிப்பா கேப்பாங்க. பாசமா மறுத்துருங்க. அந்தப் பேக் உங்க கூடவே நாட்டை விட்டு வெளிய போகணும், செக் பண்ணும்போது கையில இல்லன்னா மாட்டுறது நீங்கதான்.

ஸ்டெப் 5: சார்ல் த கோல் ஏர்போர்ட்ல

லக்கேஜ் போடுறதுக்கு முன்னாடி "டிடாக்ஸ்" போர்டு பாத்துப் போங்க. பாப்லோன்னு ஒரு கியாஸ்க் மெஷின், பாக்க ரயில்வே ஸ்டேஷன்ல டிக்கெட் மெஷின் மாதிரியே இருக்கும். மொழியை மாத்திட்டு ஃபார்ம்ல இருக்குற பார்கோடைக் காட்டுங்க, பச்சை வந்து ஃபார்ம் ஓகேன்னு சொன்னா வேலை முடிஞ்சுது. சிவப்பு வந்தா பதற வேணாம், பக்கத்துலயே கஸ்டம்ஸ் கவுண்டர் இருக்கும், பேக், பில், பாஸ்போர்ட், போர்டிங் பாஸ் காட்டணும். இதுக்காகத்தான் பேக்கை பெரிய பெட்டிக்குள்ள போட்டு முதல்லயே அனுப்பக் கூடாதுங்கிறது. ஸ்கேன் பண்ணாம ஃபிளைட் ஏறிட்டா ரீஃபண்டை மறந்துர வேண்டியதுதான். டூர் குரூப்போட போறவங்க கைடு கிட்ட முன்னாடியே சொல்லி ரெண்டு மணி நேரம் எக்ஸ்ட்ரா வாங்கிக்கங்க, காலைல க்யூ நீளமா இருக்கும்.

தோஹா, துபாய் வழியா வந்தா பாரிஸ்லயே முடிச்சிரணும். ஃபிராங்க்ஃபர்ட் வழியா வர்றவங்க, பேக் கையில இருந்தா, ஐரோப்பிய யூனியனை விட்டு கிளம்புற கடைசி ஏர்போர்ட்டான ஃபிராங்க்ஃபர்ட் கஸ்டம்ஸ்ல முத்திரை வாங்கணும். லண்டன் போய்ட்டு வர்ற பிளான் இருந்தா பேக்கை அங்க வாங்காதீங்க, 2021 ஜனவரிலேர்ந்து பிரிட்டன்ல டூரிஸ்ட் ரீஃபண்டை நிறுத்திட்டாங்க.

ஸ்டெப் 6: சென்னையில இறங்கினதும்

வரம்பைத் தாண்டியிருந்தா ரெட் சேனல், அதாவது ட்யூட்டி கட்ட வேண்டிய பொருள் இருக்குன்னு சொல்லிட்டுப் போற வழி. டேக் கிழிச்சிரு, பாக்ஸை அங்கயே போட்டுட்டு தோள்ல மாட்டிக்கிட்டு வந்துரு, பழசுன்னு சொல்லிக்கலாம்னு வாட்ஸ்அப்ல அட்வைஸ் வரும். ஒண்ணுமில்லன்னு போற க்ரீன் சேனல்ல மாட்டினா ட்யூட்டியோட போகாது, பேக்கை பறிமுதல் பண்ணவும் அபராதம் போடவும் 1962 கஸ்டம்ஸ் சட்டத்துல இடம் இருக்கு, மிச்சம் புடிச்ச 19,000 ஒரே நிமிஷத்துல காலி. பில்லை நீட்டி ட்யூட்டி கட்டி ரசீது வாங்கிக்கங்க.

அந்த ரசீதை பத்திரமா வைங்க, அடுத்த டூருக்கு அதே பேக்கை மாட்டிக்கிட்டு போய்ட்டு வரும்போது யாராவது எங்க வாங்கினதுன்னு கேட்டா அதான் பதில். ரசீது இல்லாத பழைய, விலை அதிகமான பேக்னா, கிளம்பும்போதே ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் (இங்கேர்ந்து கொண்டு போறதுதான்னு காட்டுற சீட்டு) வாங்கிட்டுப் போகலாம்.