உபுண்டுவிலிருந்து ஃபெடோராவுக்கு மாறுகிறீர்களா?

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கு இது உதவும். உபுண்டு, ஃபெடோரா இரண்டுமே லினக்ஸ் இயங்குதளங்கள்தான். பழைய உபுண்டுவை அழிக்கும் முன் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) ‘ஏபிடி-மார்க் ஷோமேனுவல்’ கொடுத்து, வரும் பட்டியலைப் பென்டிரைவில் சேமித்துவிடுங்கள். உபுண்டுவின் மென்பொருள் நிறுவியான ஏபிடி வழியாக நீங்களாகப் போட்டவை எல்லாம் அதில் இருக்கும். சிஸ்டத்தோடு வந்தவையும் கொஞ்சம் கலந்திருக்கும், அவற்றை விட்டுவிடலாம்.

ஆனால் அதே பெயர்களை ஃபெடோராவில் அடித்தால் பல கிடைக்காது. கல்யாணப் பத்திரிகைக்கு லோஹித் தமிழ் எழுத்துரு வேண்டும் என்று வையுங்கள். உபுண்டுவில் அது ‘ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்’, ஃபெடோராவில் ‘லோஹித்-தமிழ்-ஃபான்ட்ஸ்’. ஃபெடோராவில் மென்பொருள் நிறுவும் கருவி டிஎன்எஃப். அதனால் முதலில் ‘டிஎன்எஃப் சர்ச்’ போட்டு, கூடவே ‘லோஹித்’ என்று மட்டும் கொடுத்துத் தேடுங்கள். ஒரு கட்டளையின் பெயர் தெரியும், அது எந்த மென்பொருள் தொகுப்பில் இருக்கிறது என்று தெரியவில்லையா? ‘டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்’ சொல்லிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த வசதி இது.

கையில் இருக்கும் பழைய டெப் கோப்புகளை (உபுண்டுவுக்கான நிறுவல் கோப்புகளை) மட்டும் ஃபெடோராவில் திணிக்காதீர்கள். அங்கே நிறுவல் கோப்புகள் ஆர்பிஎம் என்ற வேறு வகை.

அப்புறம், வேண்டாத எதையாவது நிறுவிவிட்டால் பதற வேண்டாம். ‘டிஎன்எஃப் ஹிஸ்டரி லிஸ்ட்’ ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எண் காட்டும். ‘சூடோ டிஎன்எஃப் ஹிஸ்டரி அண்டூ’ என அடித்து, பின்னால் அந்த எண்ணைப் போட்டால் போதும், அந்த மாற்றம் ரத்தாகிவிடும்.