சுனாமிக்குப் பின் தீவில் தண்ணீர், கழிப்பறைத் தேவையைக் கணக்கிடும் முறை

கடல்நீர் புகுந்த கிணற்றை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். தீவின் நிலத்தடி நன்னீர் தனி ஊற்று அல்ல. மழைநீர் மண்ணில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும் மெல்லிய படலம். நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட 10 செ.மீ. உயர்ந்திருந்தால், அதன் கீழே சுமார் 4 மீட்டர் நன்னீர் இருக்கும். வேகமாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். 2004க்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் சுத்தம் செய்வதாக எண்ணிக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள், உப்பு குறையவில்லை. சேற்றையும் குப்பையையும் எடுக்க ஒருமுறை மெதுவாக இறைத்தால் போதும். மீதியை மழைதான் செய்யவேண்டும்.

அடுத்து மின்கடத்துதிறன் மீட்டரோடு கிணறு கிணறாகப் போங்கள்; நீரில் உப்பு கூடக் கூட அதில் எண் கூடும். கடல்நீர் ஏறத்தாழ 50,000 மைக்ரோசீமென்ஸ் காட்டும். 1,500க்குக் கீழே இருந்தால் குடிக்க வைத்துக்கொள்ளலாம். அதைவிடக் கூடினால் குளிக்க, துவைக்க. மேல்நீரை மட்டும் மொண்டு அளந்தால் ஏமாறுவீர்கள், அடிநீரையும் எடுங்கள். கடல் ஏறியிருக்கும்போது ஒருமுறை, வற்றியிருக்கும்போது ஒருமுறை அளந்து, நேரத்தையும் எழுதுங்கள். கொதிக்கவைத்தாலும் குளோரின் போட்டாலும் உப்பு போகாது என்பதை ஊராரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

பிறகு கணக்கு. உதாரணமாக 800 பேர் உள்ள தீவு: ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்றால் 12,000 லிட்டர். கைபம்பில் 20 லிட்டர் குடம் நிறைய 80 விநாடி ஆனால் மணிக்கு 900 லிட்டர். எட்டு மணி நேரத்துக்கு 7,200. பற்றாக்குறை 4,800. இதில் மழை எவ்வளவு தரும்? 50 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. பெய்தால், கசிவும் தெறிப்பும் போக 400 லிட்டர் சேரும்; கூரையில் படிந்த உப்பையும் தூசியையும் கழுவிவரும் முதல் நீரை விட்டுவிடுங்கள். படகில் கொண்டுவருவதானால் இறங்குதுறை நிற்கிறதா, கரையிலிருந்து டேங்குவரை யார் சுமப்பார் என்றும் பாருங்கள். தேவை அறிக்கை எழுதுபவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

கிருமிச் சோதனைக்கு வசதியில்லை என்றால் எல்லா நீரும் மலத்தால் கெட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கலங்கல் 5 NTU (கலங்கலை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் இருந்தால் தெளியவிட்டு வடிகட்டி, பிறகே குளோரின். அரை மணி கழித்து லிட்டருக்கு 0.5 மி.கி. மிஞ்சவேண்டும். கிணற்றில் பிணம் கிடந்ததே என்று மக்கள் அஞ்சுவது இயல்பு. ஆனால் பேதியைப் பரப்புவது பெரும்பாலும் உயிரோடிருப்பவர்களின் மலம்தான்.

அதனால் கழிப்பறையைத் தனிப் பட்டியலாக வைக்காதீர்கள். முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று, அதாவது அந்த 800 பேருக்கு 16. பிறகு 20 பேருக்கு ஒன்று, 40. ஆண்களுக்கு ஒன்றென்றால் பெண்களுக்கு மூன்று. குழியின் அடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டர் மேலேயும், கிணற்றிலிருந்து 30 மீட்டர் தள்ளியும் இருக்கவேண்டும். பருமணலிலும் பவளப்பாறை மண்ணிலும் கழிவுநீர் வேகமாக ஓடும், இன்னும் தள்ளிப் போங்கள். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் ஒரு சோதனைக் குழி தோண்டுங்கள்: ஒரு மீட்டரிலேயே நீர் வந்தால் குழிக் கழிப்பறை கூடாது, மேடை கட்டியோ, கசியாத டேங்கு வைத்தோதான் செய்யவேண்டும். டேங்கு நிறைந்தால் எங்கே கொட்டுவது என்பதற்கு விடை கிடைத்த பிறகே எண்ணிக்கையை எழுதுங்கள்.

இரவில் எங்கே போகிறார்கள், மாதவிடாய்த் துணியை எங்கே அலசுகிறார்கள் என்பதைப் பெண்களிடம் பெண்களே, ஆண்கள் இல்லாத இடத்தில் கேட்கவேண்டும்.